எண்ணின் நேர்மையும் சொல்லின் நேர்மையும்

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், தமிழக எல்லையைத் தொடுவதற்கு முன்னதாக, எலெக்ட்ரானிக் சிட்டி அமைந்திருக்கின்றது. கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் இரண்டு சிற்றூர்களின் நிலத்தில், 332 ஏக்கர் பரப்பில், கர்நாடக அரசின் மின்னணு வளர்ச்சிக் கழகம் 1978ஆம் ஆண்டில் இதனை நிறுவிற்று. அக்கழகத்தின் முதல் தலைவராய் விளங்கிய ஆர். கே. பாலிகா என்பார் கண்ட கனவு இது. இன்று அவ்வூரின் தேநீர்க் கடை வாயிலில் மாலை ஆறு மணிக்கு நின்றால், கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகியவற்றோடு நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் காதில் விழும். அத்தமிழ் பேசுவோருள் ஒருவன் நம் தமக்கையாரின் மகன். கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் பணி. அண்மையில் அவன் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தோம். அப்போது மளிகைக் கடை ஒன்றில் நிகழ்ந்த சிறு செயலே இன்றைய பேச்சுக்குத் தோற்றுவாய்.

கடைக்காரர் இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்தைச் சேர்ந்தவர். நம் மருமகனின் மாமியார் உடன் வந்திருந்தார். அவ்வம்மையார் எடுத்து வைத்த பொருள்கள் இரண்டு: ஒரு பற்பசை, மற்றொன்று, ‘கடற்பாசிச் சத்து’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட வில்லைகள் அடங்கிய ஒரு புட்டி. கடைக்காரர் புட்டியின் மேலுள்ள கோடுகளின் மீது கருவியின் செவ்வொளியைப் பாய்ச்சினார். கருவி வாய் திறக்கவில்லை. புட்டியைத் துணியால் துடைத்துவிட்டு மறுமுறை காட்டினார். ‘கீச்’ என்று ஒலித்தது. பிறகு நம் மருமகன், கல்லாவின் முன் ஒட்டியிருந்த கட்டம் போட்ட தாளைத் தன் கைப்பேசியால் படம் பிடித்துப் பணம் செலுத்தினான். அத்தாளின் கீழ்மூலை ஒன்று கிழிந்திருந்தது. நடுவில் எண்ணெய்க் கறை. ஆயினும் பணம் சேர்ந்துவிட்டது.

“தம்பி, அழுக்குப் பட்ட கோட்டைப் படிக்க மறுத்த இயந்திரம் ஒன்று, கிழிந்த தாளைக் குறையறப் படித்த இயந்திரம் ஒன்று. இது என்ன நீதி?” என்று வினவினோம். “அதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது, மாமா” என்றான் அவன். அந்தக் கணக்கு இன்னதென்று அன்றிரவே அவனிடம் கேட்டறிந்தோம். பிறகு நூல்களிலும் தேடிப் படித்தோம்.

முதலில் கோடுகள். ஒவ்வொரு பொருளின் மேலும் உள்ள அக்கோடுகளின் கீழ்ப் பதின்மூன்று இலக்கங்கள் இருக்கும். நம் நாட்டில் பதிவு பெற்றவை 890 என்று தொடங்கும். (பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றன்று, எண்ணைப் பெற்ற நிறுவனம் இங்கே பதிவு செய்துகொண்டது என்பதே பொருள். பலர் இதனைத் தவறாகக் கொள்கின்றனர்.) பதின்மூன்றில் முதற் பன்னிரண்டே செய்தி, இறுதி இலக்கம் காவற்காரன். நேயர்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, எடுத்துக்காட்டாக, 8, 9, 0, 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9 என்று எழுதிக்கொள்ளலாம். ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் இடங்கள் என ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 34. அதனை மூன்றால் பெருக்க 102. இரண்டும் சேர்ந்து 130. இத்தொகையைப் பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுவே பதின்மூன்றாம் இலக்கம். இங்கே ஏற்கெனவே பத்தின் மடங்காக இருப்பதால் அது பூச்சியம். கருவி ஏதேனும் ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால், தொகை பத்தின் மடங்காக வரவே வராது. அப்போது கருவி பேசாது. தவறான பொருளுக்கு விலை சொல்வதினும் வாளாவிருத்தல் மேல் என்பது அதன் கொள்கை. கோட்டை முழுதும் காணாவிடினும் அது பேசாதிருக்கும். அன்று புட்டியின் அழுக்கு செய்தது எதுவாயினும், தவறான எண் உள்ளே செல்லவில்லை.

ஏன் மூன்றால் பெருக்க வேண்டும்? வெறுமனே கூட்டினால், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினும் தொகை மாறாது, தவறு தப்பிவிடும். மனிதர் எண்களை எழுதும்போது செய்யும் பெரும் பிழைகளுள் அஃதொன்று. மூன்றின் பெருக்கம் அதனைப் பெரும்பாலும் பிடித்துவிடுகின்றது. பெரும்பாலும் என்றது ஏனெனில், 1ஐயும் 6ஐயும், அல்லது 2ஐயும் 7ஐயும், இவ்வாறு ஐந்து வேறுபாடுடைய இரண்டை இடம் மாற்றினால் இந்தக் காவற்காரனும் ஏமாறுவான். இக்குறையை நீக்க வழி கண்டவர் வெர்ஹூஃப் என்னும் டச்சுக் கணித அறிஞர், ஆண்டு 1969. ஐங்கோணம் ஒன்றைச் சுழற்றியும் கவிழ்த்தும் பெறும் பத்து நிலைகளைக் கொண்டு அவர் ஒரு புதுக் கூட்டல் முறையை அமைத்தார். அதில் முன்பின் மாறினால் விடையும் மாறக்கூடும். தனிப் பிழை அனைத்தையும், அடுத்தடுத்த இடமாற்றம் அனைத்தையும் அது பிடிக்கும். அயல் மாநிலத்தில் வாழும் நேயர்கள் வீட்டு வாடகைக்கும், வங்கிக் கணக்குக்கும், பிள்ளையின் பள்ளிக்கும் காட்டும் ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம் இம்முறையால் வந்ததே.

பிழை உண்டென்று அறிவது ஒன்று. அது எங்கே என்று அறிந்து திருத்துவது வேறொன்று. அமெரிக்க நாட்டில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ரிச்சர்டு ஹாமிங் என்பவர் பணியாற்றினார். அக்காலத்துக் கணிப்பொறி, பிழை கண்டால் அவருடைய கணக்கைத் தூக்கியெறிந்துவிட்டு அடுத்தவர் கணக்குக்குச் சென்றுவிடும். வார இறுதியில் இட்ட வேலை திங்கட்கிழமை முடியாமற் கிடக்கும். பிழை இருக்கின்றதென்று அறியும் பொறி, அது இருக்கும் இடத்தையும் ஏன் அறியலாகாது என்று அவர் சினந்தார். அச்சினத்தின் பயன் 1950ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளிவந்தது.

அவர் கண்ட உபாயம் சிறுவரும் விளையாடத் தக்கது. ஏழு விளக்குகள் வரிசையாய் உள்ளன என்க. நான்கு விளக்குகள் செய்தியைத் தாங்குவன, மூன்று காவலுக்கு. கண்காணிப்போர் மூவர். முதலாமவர் 1, 3, 5, 7 ஆகிய விளக்குகளைக் காண்பார். இரண்டாமவர் 2, 3, 6, 7. மூன்றாமவர் 4, 5, 6, 7. ஒவ்வொருவர் பார்வையிலும் எரியும் விளக்குகள் இரட்டைப்படையாக இருக்குமாறு முன்னமே ஏற்பாடு. வழியில் ஒரு விளக்கு கெட்டது. முதலாமவர் குறை சொல்லவில்லை. இரண்டாமவரும் மூன்றாமவரும் சொல்கின்றனர். முதலாமவர்க்கு மதிப்பு 1, இரண்டாமவர்க்கு 2, மூன்றாமவர்க்கு 4. குறை சொன்னோரின் மதிப்பைக் கூட்டினால் 6. கெட்டது ஆறாம் விளக்கு! அதனை மாற்றிவிட்டால் செய்தி தூயதாயிற்று. ஒன்று மட்டுமே கெட்டிருக்கும்வரை இம்முறை தவறாது.

கூறியது கூறலும் மிகைபடக் கூறலும் குற்றம் என்று நன்னூல் வகுத்தது. இயந்திரங்களுக்கோ மிகையே உயிர். ஆயினும் நம் புலவர்களும் ஒருவகை மிகையைக் கையாண்டே வந்தனர் என்பது நம் கருத்து. அந்தாதி நூலில் ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாகின்றது. இடையில் ஓர் ஏடு தொலைந்தால் உடனே தெரிந்துவிடும். எதுகை கெட்டால் எழுத்தில் ஐயம் தோன்றும். தளை தட்டினால் சீரில் ஐயம் தோன்றும். செல்லரித்த சுவடிகளை வைத்துக்கொண்டு பதிப்பாசிரியர்கள் பிழையான பாடங்களைக் களைந்ததற்கு இவையும் துணை நின்றன. அதற்காகவே யாப்பு வகுக்கப்பட்டது என்று சொல்லத் துணியோம். பயன் அவ்வாறும் ஆயிற்று.

இனிக் கிழிந்த தாளுக்கு வருவோம். 1960ஆம் ஆண்டில் இர்விங் ரீடு, குஸ்தவ் சாலமன் என்னும் இருவர் ஒரு சிறு கட்டுரை எழுதினர். அதன் கருத்தைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே விளக்கலாம். ஒரு நேர்கோட்டை வரைய இரண்டு புள்ளிகள் போதும். நாம் இரண்டு புள்ளிகளுக்கு மாறாக, அதே கோட்டின் மேலுள்ள நான்கு புள்ளிகளை அனுப்புவோம்: 5, 7, 9, 11 என்னும் உயரங்கள். போய்ச் சேர்ந்ததோ 5, 7, 6, 11. பெற்றவர் நான்கையும் குறித்துப் பார்க்கின்றார். முதலாவதும் இரண்டாவதும் நான்காவதும் ஒரே கோட்டில் நிற்க, மூன்றாவது மட்டும் பள்ளத்தில் விழுந்து கிடக்கின்றது. வேறு எந்த மூன்றும் ஒரு கோட்டில் அமையா. ஆகவே மூன்றாவது 9 என்று திருத்திக்கொள்கின்றார். கோட்டுக்கு மாறாக வளைகோடுகளையும், நான்குக்கு மாறாக இன்னும் பல புள்ளிகளையும் எடுத்துக்கொண்டால், பல பிழைகளையும் இவ்வாறே திருத்தலாம்.

பின்னங்கள் வந்தால் இயந்திரத்திற்குத் தொல்லை. அதற்கும் ஒரு வழி உண்டு. கிழமைக் கணக்கில் ஏழுக்கு மேல் எண்ணில்லை; எட்டாம் நாள் மீண்டும் முதல் நாளே. அக்கணக்கில் மூன்றை ஐந்தால் பெருக்கினால் பதினைந்து, அஃதாவது ஒன்று. ஆகவே அங்கே மூன்றால் வகுப்பதும் ஐந்தால் பெருக்குவதும் ஒன்றே, பின்னமே தோன்றாது. இத்தகைய முடிவுற்ற எண் உலகங்களை ஆராய்ந்தவர் இருபது வயதில், 1832இல், மாண்ட பிரெஞ்சு இளைஞர் கால்வா. ரீடு, சாலமன் முறை இன்று பெரிதும் இயங்குவது 256 உறுப்புகள் கொண்ட அத்தகைய ஓர் உலகில். வாயேஜர் விண்கலம் யுரேனசு, நெப்டியூன் கோள்களின் படங்களை அனுப்பியதும், கீறல் விழுந்த இசைத்தட்டு தடையின்றிப் பாடுவதும், கடைக்காரரின் கட்டத் தாள் கிழிந்தும் பிழைத்ததும் இம்முறையால்தான்.

அக்கட்டக் குறியைக் கியூ.ஆர். குறி என்பர். 1994இல் ஜப்பானில் மோட்டார் உறுப்புகளை எண்ணுவதற்காக டென்சோ நிறுவனத்தார் ஆக்கியது. அதன் மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள் இடத்தை அறிவிப்பவை. அவை இருக்க வேண்டும். அன்று கிழிந்திருந்தது நான்காம் மூலை. குறியை அச்சிடுவோர் நான்கு நிலைக் காவல்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். உச்ச நிலையில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு சிதைந்தாலும் மீட்கலாம். எந்த நிலைக் காவல் என்பதைச் சொல்லும் சிறு பகுதிக்கும் ஒரு காவல் வேண்டுமன்றோ? அதற்கு வேறொரு முறை. அதனைக் கண்டோர் பிரான்சில் ஓக்கங்கெம், 1959இல். அவரை அறியாமலே 1960இல் நம் நாட்டவராகிய இராஜ் சந்திர போஸ், அவருடைய மாணவர் துவிஜேந்திர குமார் ராய் சௌதுரி. கல்கத்தாப் புள்ளியியல் நிலையத்தில் ஆராய்ந்து பின்னர் அமெரிக்காவின் வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்தவர் போஸ். பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்த நாம் ஒவ்வொரு தேநீருக்கும் பணம் செலுத்தும்போது, அவ்வாறே மண்ணை விட்டுச் சென்ற ஒருவரின் அல்ஜீப்ரா அத்தாளின் ஓரத்தில் நமக்காக உழைத்துக்கொண்டிருக்கின்றது.

ஆனால் இக்கணக்கின் எல்லையை அறியாதார் ஏமாறுவர். அச்சிட்டது எதுவோ அதனைப் பிழையின்றிப் படிப்பதே இதன் தொழில். ஒரு கள்வன் கடைக்காரரின் தாளின் மேல் தன் தாளை ஒட்டிவிட்டுப் போனால், அக்கள்வனின் கணக்கு எண்ணையும் இது மிகச் சரியாகப் படித்துக் கொடுக்கும். எழுத்தின் நேர்மைக்கு இது பொறுப்பு; எழுதினவனின் நேர்மைக்குப் பொறுப்பன்று. பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயரைப் படித்துப் பார்க்கச் சொல்வது அதனாலேயே.

இவ்வெண்ணம் நம் உள்ளத்தில் இருந்தமையால், மறுநாட் காலையில் அம்மையாரின் புட்டியைக் கையில் எடுத்தோம். பின்புறம் பதின்மூன்று இலக்கங்கள், கூட்டிப் பார்த்தோம், சரியாக இருந்தது. முன்புறம் சொற்கள்: தைராய்டு சுரப்பியைச் சீராக்கும், உடற்பருமனைக் குறைக்கும், முகச் சுருக்கத்தைப் போக்கும். இவற்றைக் கூட்டிப் பார்க்கப் பதின்மூன்றாம் இலக்கம் ஏதும் இல்லை.

கடற்பாசியை நாம் இகழவில்லை. மன்னார் வளைகுடாவின் கரையில் பிறந்தார்க்கு அது பழகிய பொருள். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, பகோடாப் பாசி என்று அவர்கள் இடும் பெயர்களைக் கடைக்காரரே நமக்கு ஒப்பித்தார். முதலிரண்டிலிருந்து அகர் எடுக்கப்படுகின்றது. நோன்புக் காலத்தில் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் பாலிலும் இளநீரிலும் உறையவைக்கும் இனிப்பு அதுவே. மருத்துவத்தில் அது செய்த பணியோ பெரிது. 1881ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் கோக் என்னும் பேரறிஞரின் கூடத்தில், கிருமிகளை வளர்க்கும் ஊன்பசை உடற்சூட்டிலேயே உருகிக் கெட்டது. அங்குப் பணியாற்றிய ஹெஸ்ஸே என்பாரின் மனைவி ஃபானி, தம் சமையலறையில் பயன்படுத்திய அகரைக் கொண்டு செய்து பாருங்கள் என்றார். அன்று தொட்டு இன்றுவரை உலகெங்கும் நோய்க்கிருமிகள் வளர்க்கப்படுவது அகரின் மீதே. கட்டக்கோரை முதலிய பழுப்புப் பாசிகளிலிருந்து வரும் ஆல்ஜினேட், நீர் வடியும் புண்களுக்குக் கட்டாகவும், பல்லின் அச்செடுக்கும் குழம்பாகவும், நெஞ்செரிச்சலுக்கு மருந்தாகவும் பயன்படுகின்றது. செம்பாசிகளின் கராஜீனன் சில பற்பசைகளில் நீரும் பொடியும் பிரியாமற் பிணைத்து வைக்கின்றது. அம்மையார் வாங்கிய பற்பசையின் உறுப்புப் பட்டியலிலும் அப்பெயர் இருந்தது. முகப்பூச்சுகளில் பாசிச் சத்து தோலின் மேல் மெல்லிய படலமாகி ஈரத்தைக் காக்கும். இவையெல்லாம் மெய்.

கராஜீனன் தரும் கப்பாபைகஸ் என்னும் பாசியை, பாவநகரில் உள்ள உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபக் கிளை 1990களில் வளர்த்துச் சோதித்தது. பின்னர் மகளிர் குழுக்கள் மூங்கில் தெப்பங்களில் அதனைப் பயிரிட்டன. ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளில் அறுவடை. முதலில் அதனை ஏற்று நடத்திய நிறுவனத்தின் பெயரால் மீனவ மக்கள் அதனைப் ‘பெப்சிப் பாசி’ என்றே அழைத்தனர். அயல் நாட்டுப் பாசியாகிய அது குருசடைத் தீவின் பவளப் பாறைகளின் மீது படர்ந்துவிட்டது என்று 2008இல் ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்ததும் உண்டு.

இயற்கையாய் விளையும் பாசியைப் பறிக்கும் பெண்டிரின் நிலை இன்னும் கடினம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறைகளுக்கிடையே மூழ்குகின்றனர். 1986இல் அத்தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னர், தலைமுறையாய்ச் சென்ற நீரிலேயே அவர்கள் தடுக்கப்பட்டனர். பாசி அழியாதிருக்க, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பறிப்பது என்று தமக்குத் தாமே வரம்பிட்டுக்கொண்டனர். அவர்களை ஒன்றுதிரட்டிய சின்னப்பாலம் ஊர்த் திருமதி இலட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி என்னும் அமைப்பு பரிசளித்தது. “என் சின்னம்மாவும் பாசிக்குப் போனவங்கதான் ஐயா, கை வெரலைப் பார்த்தாலே தெரியும்” என்றார் கடைக்காரர்.

மெய்யான பயன் இத்துணை இருக்க, புட்டியின் சொற்களுக்கு வருவோம். கடற்பாசியில் அயோடின் உண்டு. 1811இல் குர்த்துவா என்பார் அயோடினைக் கண்டதே பாசிச் சாம்பலில்தான். அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலைக்கு அது மருந்து என்பதும் உண்மை. எனினும் வளர்ந்தவர்க்கு நாள் ஒன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம் மட்டுமே. நம் நாட்டில் அயோடின் கலந்த உப்பு அதற்கென்றே விற்கப்படுகின்றது. பாசிக்குப் பாசி, பருவத்துக்குப் பருவம் அயோடின் அளவு பெரிதும் வேறுபடும். சில பழுப்புப் பாசிகளில் ஒரு சிட்டிகையே பல நாளைக்குரிய அளவை மிஞ்சும். மிகுதியான அயோடின் தைராய்டு நோயுடையார்க்கு நோயை மிகுவிக்கக் கூடும். அம்மையாரோ ஆறாண்டாகத் தைராய்டுக்கு மாத்திரை உண்பவர்! ஹிஜிக்கி என்னும் ஒருவகைப் பாசியில் நஞ்சாகிய ஆர்சனிக் மிகுதியாக இருத்தலால், அதனை உண்ண வேண்டா என்று பிரிட்டன் அரசின் உணவுத் துறை 2004இலேயே அறிவித்தது. ஆகவே எந்தப் பாசி, எவ்வளவு அயோடின் என்று எழுதாத புட்டி, எண் இல்லாத கதவு போன்றது. இந்தப் புட்டியில் இரண்டும் இல்லை.

சட்டமும் வாளா இருக்கவில்லை. குறிப்பிட்ட சில நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்தலை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. கழுத்துக் கழலையும் உடற்பருமனும் அப்பட்டியலில் உள்ளவை. ஆனால் ‘நீக்கும்’ என்பதற்கு மாறாகச் ‘சீராக்கும்’ என்று எழுதிச் சட்டத்தின் ஓரத்தில் நடப்பாரும் உளர்.

அம்மையார் எளிதில் இசையவில்லை. “கடலில் விளைவதுதானே, என்ன கெடுதல் செய்யும்?” என்றார். அவர் ஊர் விருதுநகருக்கு அருகில். வழக்கமாகக் காட்டும் மருத்துவரும் அங்கேதான் இருக்கின்றார். தொலைபேசியில் அவரிடம் கேட்கலாம் என்று நம் மருமகன் சொன்னான். புட்டியின் இருபுறத்தையும் படமெடுத்து அனுப்பினோம். ஒரு மணி நேரத்தில் மறுமொழி வந்தது: வேண்டா, அடுத்த முறை வரும்போது இரத்தத்தைச் சோதித்துவிட்டுப் பேசலாம்.

மாலையில் புட்டியை முத்திரை உடையாமலே கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் மறுப்பேதும் சொல்லவில்லை. திரும்பப் பெற்றதைக் கணக்கில் ஏற்றுவதற்காக அதன் கோடுகளை மீண்டும் கருவியின் முன் பிடித்தார். துடைத்த புட்டியாதலின், இம்முறை முதற் பார்வையிலேயே ஒலித்தது.